சிப்பாயின் தகரப் பாத்திரமும் சயாமில் மறைந்த தமிழர்களும்

சாரணர் முகாமுக்குப் போய் வந்த பிள்ளைகள் உள்ள வீடுகளில் அந்தப் பாத்திரத்தைப் பார்த்திருக்கலாம். ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் இரண்டு நீள்சதுரச் சட்டிகள். மடக்கிக் கொள்ளக்கூடிய கம்பிக் கைப்பிடி. 'மெஸ் டின்' என்பார்கள். அதில் சமைக்கலாம், சாப்பிடலாம், தேநீர் போடலாம், முகம் மழிக்க வெந்நீரும் வைக்கலாம். முகாம் முடிந்ததும் சமையலறையின் மேல் தட்டில் போய் உட்கார்ந்துவிடும்.

சாதாரணப் பாத்திரம்தான். ஆனால் அது போர்க்களத்துக்காகச் செய்யப்பட்டது. அதன் வரலாறு செபராங் ஜெயாவைச் சுற்றியுள்ள மண்ணையும் தொட்டுச் செல்கிறது. அந்த வரலாற்றின் நடுவில், பாத்திரம் வைத்திருந்தவனுக்கும் வைத்திராதவனுக்கும் இடையே உயிரே வேறுபாடாக நின்ற ஒரு காலமும் உண்டு.

ஆறு பேருக்கு ஒரு கெட்டில்

செபராங் ஜெயா 1970-ஆம் ஆண்டுகளில் எழுந்த புதுநகரம். அது அமைந்துள்ள செபராங் பிறையின் பழைய பெயர் வெல்லெஸ்லி மாகாணம். 1800-இல் கெடா சுல்தானிடமிருந்து ஆங்கிலேயர் பெற்ற இந்தக் கரையோர நிலத்துக்கு, அன்றைய இந்தியத் தலைமை ஆளுநர் ரிச்சர்ட் வெல்லெஸ்லியின் பெயரை வைத்தார்கள். அவருடைய தம்பிதான் ஆர்தர் வெல்லெஸ்லி. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானை எதிர்த்துப் போரிட்டவர். பின்னாளில் 'வெலிங்டன் பிரபு' என்று பெயர் பெற்று, வாட்டர்லூவில் நெப்போலியனை வீழ்த்தியவர். 1797-இல் மணிலாவைத் தாக்கப் புறப்பட்ட படையோடு அவர் பினாங்குக்கும் வந்திருக்கிறார். அந்தப் படையெடுப்பு பாதியில் கைவிடப்பட்டது.

சிப்பாயின் சாப்பாட்டுப் பாத்திர வரலாற்றில் இந்தத் தம்பிக்கு ஓர் இடம் உண்டு. அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் சிப்பாய்கள் கனமான இரும்புக் கெட்டிலில் கூட்டாகச் சமைத்தார்கள். அதைச் சுமக்கக் கோவேறு கழுதை வேண்டும். படை முன்னே போய்விடும். கழுதை பின்னால் வரும். சிப்பாய் பசியோடு காத்திருப்பான். ஸ்பெயின் போரின்போது, 1813-இல், வெலிங்டன் இந்த ஏற்பாட்டை மாற்றினார். ஆறு பேருக்கு ஒன்று என்று இலேசான தகரக் கெட்டில்கள் வந்தன. அவற்றைச் சிப்பாய்களே முறை வைத்துச் சுமந்தார்கள். மிச்சமான கழுதைகள் கூடாரம் தூக்கின.

பிறகு ஆளுக்கொரு பாத்திரம் என்ற நிலை வந்தது. ஆங்கில எழுத்து 'டி' வடிவில் ஒரு தகரச் சட்டி; அதன் மூடியே தட்டு. முதுகுப்பையின் மேல் கட்டிக்கொள்ள வசதியாக ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். ஏறக்குறைய நூறாண்டுகளுக்கு மேல் இதே வடிவம்தான். 1937-இல் பிரிட்டிஷ் இராணுவம் தன் தோள்பட்டைப் பைகளைப் புதிதாக வடிவமைத்தபோது, அவற்றுக்குள் அடங்கும் நீள்சதுரச் சட்டிகள் புழக்கத்துக்கு வந்தன. முதலில் அலுமினியத்தில் செய்தார்கள். போர் முற்றியதும் விமானம் கட்ட அலுமினியம் தேவைப்பட்டது. ஆகவே சிப்பாயின் சட்டி மறுபடியும் தகரத்துக்குத் திரும்பியது.

தகரத்தின் மேல் நம் ஊர் ஈயம்

தகரம் என்பது என்ன? இரும்புத் தகட்டின் மேல் வெள்ளீயம் பூசியது. நம் பாட்டிமார் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசி வாங்குவார்களே, அதே காரணம்தான். பூச்சு இல்லாவிட்டால் இரும்பு துருப்பிடிக்கும், உணவு கெடும்.

படைக்கு உணவைக் கெடாமல் அனுப்ப வழி கண்டதற்காக 1810-இல் பிரெஞ்சு அரசு நிக்கோலா அப்பேருக்கு 12,000 பிராங்க் பரிசு கொடுத்தது. அவர் கண்ணாடிக் குடுவையில் அடைத்தார். அதே ஆண்டில் இங்கிலாந்தில் பீட்டர் டுராண்ட், தகரக் குவளைக்கு உரிமம் பெற்றார். அதன் பிறகு உலகத்துக்குத் தகரம் போதவில்லை. தகரம் வேண்டுமானால் ஈயம் வேண்டும். ஈயம் எங்கே? பேராக்கின் லாருட்டிலும் கிந்தா பள்ளத்தாக்கிலும். 1900-ஆம் ஆண்டு வாக்கில் உலக ஈயத்தில் ஏறக்குறையப் பாதி மலாயாவிலிருந்து போனது.

ஈய லம்பங்களில் பாடுபட்டவர்களில் பெரும்பாலோர் சீனர்கள். அந்த ஈயத்தைக் கடற்கரைக்குக் கொண்டுபோக 1885-இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு மலாயாவின் முதல் இரயில் ஓடியது. அந்தத் தண்டவாளம் போடுவதில் இலங்கையிலிருந்து வரவழைக்கப்பட்ட தொழிலாளர் அணிகளின் உழைப்பு இருந்தது. 1902-இல் பட்டர்வொர்த்தில் ஸ்ட்ரெய்ட்ஸ் டிரேடிங் நிறுவனம் ஈய உருக்காலையைத் தொடங்கியது. செபராங் ஜெயாவிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவுதான். இங்கே உருக்கி வார்த்த ஈயக் கட்டிகள் கப்பலேறின. அங்கே தகரமாகி, சட்டியாகி, சிப்பாயின் முதுகில் ஏறின. 1941-இல் அந்தச் சிப்பாய்கள் மலாயாவைக் காக்க இங்கே வந்து இறங்கியபோது, மலாயா ஈயத்தில் ஒரு சிறு பங்கும் அவர்களோடு ஊர் திரும்பியிருக்கும்!

1941 டிசம்பர்

டிசம்பர் 8-ஆம் தேதி அதிகாலை ஜப்பானியர் கோத்தா பாருவில் கரையிறங்கினர். மறுநாள் பட்டர்வொர்த் விமானத் தளம் குண்டுவீச்சுக்கு ஆளானது. 11-ஆம் தேதி பினாங்குத் தீவின் மேல் குண்டு மழை. அடுத்த சில நாட்களில் பிரிட்டிஷார் தங்கள் வெள்ளைக்காரக் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு தீவைக் கைவிட்டுப் போனார்கள். கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கியவர் 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' பத்திரிகையின் ஆசிரியர் சரவணமுத்து. அவர் இலங்கைத் தமிழர். இங்கே படை இல்லை, குண்டு போடாதீர்கள் என்று வானொலி வழியாக அறிவித்ததும் அவரே. 19-ஆம் தேதி ஜப்பானியர் தீவுக்குள் நுழைந்தனர்.

வடக்கே ஜித்ராவில் முறிந்த அரண் இந்தியப் படைப்பிரிவு ஒன்றின் பொறுப்பில் இருந்தது. அந்தக் காலத்து இந்தியப் படையில் சாப்பாடு பெரிய விவகாரம். கோதுமை மாவு, பருப்பு, நெய், வெல்லம் என்று அவர்களுக்குத் தனி உணவுப் பட்டியல். மதத்துக்கு மதம் தனிச் சமையல், தனிப் பாத்திரம். 1942 பிப்ரவரி 17-ஆம் தேதி சிங்கப்பூர் ஃபேரர் பார்க் திடலில் ஏறக்குறைய 45,000 இந்தியச் சிப்பாய்களைப் பிரித்து ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். அவர்களிலிருந்து எழுந்த இந்திய தேசிய இராணுவம் செய்த முதல் சீர்திருத்தங்களில் ஒன்று பொதுச் சமையல். எல்லாரும் ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே பந்தியில் சாப்பிட்டார்கள். பின்னாளில் நேதாஜியின் அழைப்பை ஏற்று மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழ் இளைஞர்களும் ஜான்சி ராணிப் படைப் பெண்களும் அந்தப் பந்தியில்தான் உட்கார்ந்தார்கள்.

பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் போர்க்கைதிகளின் வழி வேறு. அது சயாமுக்குப் போனது.

ஒரே தண்டவாளம், இரண்டு வகைப் பயணிகள்

பர்மாவில் இருந்த ஜப்பானியப் படைக்குத் தளவாடம் அனுப்ப, சயாமின் பான்போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டருக்கு இரயில் பாதை. 1942-இன் நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். மலையும் காடும் மழையும் நிறைந்த அந்த வழியில் 60,000-க்கும் மேற்பட்ட போர்க்கைதிகள் வேலை செய்தார்கள். 12,000-க்கும் அதிகமானோர் இறந்தார்கள்.

ஆனால் பாதையைப் போட்டவர்களில் பெரும்பாலோர் கைதிகள் அல்லர். மலாயா, பர்மா, ஜாவா, சயாம் நாடுகளிலிருந்து கொண்டுபோகப்பட்ட ஏறக்குறைய இரண்டு இலட்சம் ஆசியத் தொழிலாளர்கள். மலாயாவிலிருந்து போனவர்கள் மட்டும் சுமார் 75,000 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அவர்களில் மிகப் பெரும்பகுதி தோட்டத் தமிழர்கள்.

ரப்பர் வாங்க ஆளில்லாமல் தோட்டங்கள் முடங்கிக் கிடந்தன. அரிசி இல்லை, மரவள்ளிக் கிழங்கே சோறு. சாக்குத் துணியே உடை. அந்த நேரத்தில், நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம், சாப்பாடு இலவசம், சில மாதத்தில் திரும்பிவிடலாம் என்று ஆள் சேர்த்தார்கள். நம்பிப் போனார்கள் பலர். போனவர்கள் திரும்பவில்லை என்று தெரிந்ததும் யாரும் முன்வரவில்லை. அதன் பிறகு சாலையில் நடந்து போனவர், கடைக்குப் போனவர், படம் பார்க்கப் போனவர் என்று பிடித்து ஏற்றினார்கள். மனைவி மக்களோடு போன குடும்பங்களும் உண்டு.

கைதிகளை ஏற்றிய சரக்கு வண்டிகளும் தொழிலாளர்களை ஏற்றிய சரக்கு வண்டிகளும் ஒரே தண்டவாளத்தில்தான் வடக்கே போயின. தெற்கிலிருந்து வந்த வண்டி எதுவானாலும் செபராங் ஜெயாவுக்குப் பக்கத்திலுள்ள புக்கிட் மெர்தாஜாமைக் கடந்துதான் கெடா வழியாகச் சயாமுக்குள் போக வேண்டும். ஒரு வண்டியில் இருந்தவன் சிப்பாய். அவனிடம் எண் இருந்தது, படைப்பிரிவு இருந்தது, அதிகாரி இருந்தார், மருத்துவர் இருந்தார், இடுப்பில் ஒரு தகரச் சட்டி இருந்தது. அடுத்த வண்டியில் இருந்தவன் தோட்டத்து ஆள். அவனிடம் இருந்தது வீட்டிலிருந்து எடுத்து வந்த மூட்டை மட்டுமே.

கொதிநீரில் முக்கிய சட்டி

1943 ஏப்ரலில் சிங்கப்பூரிலிருந்து 'எஃப் படை' என்ற பெயரில் 7,000 கைதிகள் பதின்மூன்று இரயில் வண்டிகளில் அனுப்பப்பட்டனர். பான்போங்கில் இறக்கி, ஏறக்குறைய 300 கிலோமீட்டர் தூரம் இரவிரவாகக் காட்டு வழியில் நடத்திக்கொண்டு போனார்கள். வழியில் கொன்கொய்தா என்ற இடம். அங்கே ஆசியத் தொழிலாளர் முகாமில் காலரா பரவியிருந்தது. மே மாத நடுவில் கைதிகளுக்கும் தொற்றியது. காலையில் நன்றாக நின்றவன் மாலையில் உருவம் தெரியாமல் வற்றிப்போய்க் கிடந்தான். பிணங்களை எரிக்க விறகு வெட்டுவதே தனி வேலையாயிற்று.

மருத்துவர்களிடம் மருந்து இல்லை. மூங்கில் குழாயையும் காது வைத்துக் கேட்கும் கருவியின் ரப்பர் குழலையும் வைத்து உப்புநீர் ஏற்றினார்கள். அதைவிடப் பெரிய காப்பு ஒரு கட்டளை. காய்ச்சாத தண்ணீரைத் தொடாதே! சாப்பாட்டு வரிசையின் தலைப்பில் கொதிக்கும் தண்ணீர் அண்டா வைத்தார்கள். ஒவ்வொருவரும் தன் தகரச் சட்டியையும் கரண்டியையும் அதில் முக்கி எடுத்த பிறகுதான் சோறு. ஓர் ஈ உட்கார்ந்தாலும் திரும்பவும் முக்க வேண்டும். பல கைதிகள் பிற்காலத்தில் எழுதிய நினைவுக் குறிப்புகளில் இந்தக் காட்சி வருகிறது.

அப்படியும் எஃப் படையில் 3,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்தப் படைக்குள்ளேயே ஒரு வேறுபாடு இருந்தது. ஆஸ்திரேலியரில் பத்துக்கு மூன்று பேர் இறந்தார்கள்; பிரிட்டிஷாரில் பத்துக்கு ஆறு பேர். பிரிட்டிஷார் அணியில் புறப்படும்போதே நோயாளிகள் அதிகம் இருந்தது ஒரு காரணம். சுகாதாரக் கட்டுப்பாட்டை எவ்வளவு கடுமையாகக் கடைப்பிடித்தார்கள் என்பது இன்னொரு காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

தமிழர் முகாம்களில் என்ன நடந்தது? அண்டா வைத்துத் தண்ணீர் காய்ச்ச ஆள் ஒதுக்குவார் இல்லை. மருத்துவர் இல்லை. விடியுமுன் வேலைக்குப் போய், இருட்டிய பின் திரும்பியவன், தாகத்துக்கு ஆற்று நீரை அள்ளிக் குடித்தான். நோயில் விழுந்தவன் வேலை செய்யவில்லை என்று சாப்பாடும் குறைந்தது. சில முகாம்களில் பிணம் தூக்க ஆளில்லாமல், இருப்பவர்கள் காட்டுக்குள் ஓடினார்கள். அங்கேயும் செத்தார்கள். மலாயாத் தோட்டங்களில் துரைகளாக இருந்து தொண்டர் படையில் சேர்ந்து கைதியான வெள்ளைக்காரர் சிலருக்குத் தமிழ் தெரியும். வழியோரம் கிடந்தவர்கள் தமிழில் தண்ணீர் கேட்டது அவர்களுக்குப் புரிந்தது.

அழுக்கினால் செத்தார்களா?

சில கைதிகளின் குறிப்புகளில் ஒரு குற்றச்சாட்டு உண்டு. கூலிகளின் முகாம் அசுத்தமானது, நோய் அங்கிருந்துதான் வந்தது என்று. இதை அப்படியே ஏற்றுக்கொள்ளலாமா?

பிள்ளை பெற்றவளுக்கு வெந்நீர் வைத்துக் கொடுக்கத் தெரிந்த சனங்கள்தாம் நம் தோட்டத்து மக்கள். அவர்களுக்குத் தெரியாமல் போனது எதுவும் இல்லை, பறிபோனதுதான் அதிகம். சிப்பாயின் உயிரைக் காத்தது தகரச் சட்டி மட்டுமல்ல. அந்தச் சட்டிக்குப் பின்னால் ஓர் அமைப்பு இருந்தது. தண்ணீர் காய்ச்ச நால்வர், வரிசையைக் கண்காணிக்க ஒருவர், அதற்காக ஜப்பானிய அதிகாரியிடம் வாதாடி அடி வாங்க ஓர் அதிகாரி. வெவ்வேறு தோட்டங்களிலிருந்து பிய்த்துக் கொண்டுவரப்பட்டு, ஒரு கொட்டகையில் குவிக்கப்பட்ட மக்களுக்கு அந்த அமைப்பை யார் கொடுத்தார்கள்? 1943 ஜூனிலும் ஆகஸ்டிலும்தான் ஜப்பானியர் கைதிகளிலிருந்தே மருத்துவர்களையும் உதவியாளர்களையும் பிரித்து, 'கே படை', 'எல் படை' என்ற பெயரில் தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பினார்கள். அதற்குள் காலம் கடந்துவிட்டது.

சோற்றிலும் ஓர் அநியாயம் இருந்தது. அரிசியைத் தீட்டத் தீட்ட 'பெரி பெரி' நோய் வரும் என்பது மலாயாவில் கண்டறிந்த உண்மைகளில் ஒன்று. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய டாக்டர் பிராட்டனும், பிறகு கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக்கழகத்தின் ஃபிரேசர், ஸ்டாண்டன் இருவரும் 1909 வாக்கில் இதைத் தெளிவாக்கினார்கள். பச்சரிசி சாப்பிட்டவர்களுக்குக் கால் வீங்கியபோது, புழுங்கல் அரிசி சாப்பிட்ட தமிழர்களுக்கு அந்த நோய் வரவில்லை. புழுக்கும்போது தவிட்டின் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. ஆக, நம் பாட்டன்மாரின் உணவுப் பழக்கமே மருந்து! அந்தப் பழக்கத்தைப் பறித்து, தீட்டிய வெள்ளை அரிசியையும் கொஞ்சம் உப்பு மீனையும் கொடுத்தது சயாம். முப்பது ஆண்டுகளுக்கு முன்பே மலாயாவில் விடை தெரிந்துவிட்ட நோயில், மலாயாத் தமிழன் கால் வீங்கிச் செத்தான்.

சட்டியில் கீறிய பெயர்கள்

பிரிட்டிஷ் இராணுவச் சட்டிகளில் அரசாங்கச் சொத்து என்று காட்ட ஓர் அம்புக்குறியும், செய்த ஆண்டும் குத்தியிருக்கும். அதற்குப் பக்கத்தில் சிப்பாய் ஆணியால் தன் பெயரையும் எண்ணையும் கீறிக்கொள்வான். கைதியான பிறகு இன்னும் கீறினார்கள். முகாம்களின் பெயர், தேதி, படைச் சின்னம், வீட்டு நினைவில் ஒரு படம். அப்படிப்பட்ட சட்டிகள் இன்று ஆஸ்திரேலியா, பிரிட்டன் அருங்காட்சியகங்களில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கின்றன. ஒரு சட்டியை வைத்து ஒரு மனிதனின் மூன்றரை ஆண்டு வாழ்க்கையைப் படித்துவிடலாம்.

கைதிகள் இரகசியமாக எழுதி மறைத்து வைத்த இறப்புக் கணக்குகளும் போருக்குப் பின் கைகொடுத்தன. 1945-இல் கல்லறை தேடும் குழு அந்தப் பாதை நெடுகச் சென்று கல்லறைகளைக் கண்டெடுத்தது. இன்று காஞ்சனபுரியில் ஏறக்குறைய 7,000 கல்லறைகள், சுங்காயில் 1,700-க்கு மேல், தன்பியூசாயாட்டில் 3,700-க்கு மேல். பெரும்பாலானவற்றில் பெயர், வயது, படைப்பிரிவு இருக்கின்றன. புல் வெட்டி, பூச்செடி வைத்துப் பராமரிக்கிறார்கள்.

தமிழனுக்குக் கீற ஒரு சட்டி இல்லை. கணக்கு எழுத ஆளும் இல்லை. ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் 80,000 முதல் ஒரு இலட்சம் வரை என்று வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். இருபதாயிரம் பேர் கூடக் குறைய என்று சொல்லும் இடைவெளியே அவர்களை யாரும் எண்ணவில்லை என்பதற்குச் சாட்சி. 1990-இல் காஞ்சனபுரியில் ஒரே இடத்தில் நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் தோண்டி எடுக்கப்பட்டன. இவர் இன்னார் என்று பெயர் சொல்ல முடியவில்லை.

மலேசியத் தமிழ் எழுத்தாளர்கள் இதை மறக்கவில்லை. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவல் 1993-இல் வெளிவந்தது. 2023-இல் மலேசியத் தமிழர்களின் முயற்சியால் காஞ்சனபுரியில் ஒரு புத்த ஆலய வளாகத்தில் நடுகல் எழுப்பப்பட்டது. போரில் விழுந்தவனுக்கு நடுகல் நாட்டுவது சங்க காலத்திலிருந்து நம் மரபு. நடுகல்லில் பெயரும் பீடும் எழுதுவார்கள். இந்த நடுகல்லுக்குரியவர்களில் மிகப் பலரின் பெயர் எங்குமே எழுதப்படவில்லை.

வீட்டில் கேளுங்கள்

சயாமுக்குப் போய்த் திரும்பியவர்களில் இன்று உயிரோடு இருப்பவர்கள் மிக அரிது. ஆனால் அவர்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள். 'எங்க அப்பா சயாமுக்குப் போனவரு' என்று சொல்லும் எழுபது, எண்பது வயதுப் பெரியவர்கள் செபராங் ஜெயாவிலும் பிறையிலும் சுங்கை பட்டாணியிலும் இன்றும் இருப்பார்கள். தோட்டம் துண்டாடப்பட்டு, லயம் இடிக்கப்பட்டு, அடுக்குமாடிக்கு வந்தபோது பல குடும்பங்கள் பழைய தட்டுமுட்டுச் சாமான்களோடு அந்தக் கதைகளையும் விட்டுவிட்டு வந்தன.

அடுத்த முறை பிள்ளைகள் முகாமுக்கு அந்தத் தகரச் சட்டியைக் கேட்டால், எடுத்துக் கொடுக்கும்போது வீட்டுப் பெரியவரிடம் ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். நம் குடும்பத்திலிருந்து சயாமுக்குப் போனவர் யார்? எந்தத் தோட்டம்? திரும்பினாரா? கிடைக்கும் பெயரை ஒரு தாளில் எழுதி வையுங்கள். அவருக்குக் கீறிக்கொள்ள ஒரு தகரத் துண்டுகூடக் கிடைக்கவில்லை. நம் கையில் பேனா இருக்கிறது.